கொயோத்தேயின் தராசு

1988 நவம்பர் 15ஆம் தேதி நெதர்லாந்தில் ஒரு காப்பிப் பொட்டலத்தை இளவரசர் க்ளவுஸ் கையில் கொடுத்தார்கள். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த முத்திரையில் ‘மாக்ஸ் ஹாவலார்’ என்று எழுதியிருந்தது. அது காப்பிக் கம்பெனியின் பெயரல்ல, ஊரின் பெயரும் அல்ல. 128 வருஷத்துக்கு முன் வெளியான ஒரு டச்சு நாவலின் கதாநாயகன் பெயர்.

எட்வர்ட் டவ்வஸ் டெக்கர் என்பவர் ஜாவாவில் காலனி அரசின் அதிகாரியாக இருந்தார். 1856இல் லெபாக் என்ற மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனவர், உள்ளூர்த் தலைவர் குடியானவர்களைக் கசக்கிப் பிழிகிறார் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். மேலிடம் அவரைத்தான் கண்டித்தது. வேலையை விட்டுவிட்டு ஐரோப்பா திரும்பி, கையில் காசில்லாமல் ப்ரஸ்ஸெல்ஸில் உட்கார்ந்து ‘மாக்ஸ் ஹாவலார்’ நாவலை எழுதினார். 1860இல் ‘முல்தாத்தூலி’ என்ற புனைபெயரில் வந்தது. லத்தீனில் ‘நிறையப் பட்டுவிட்டேன்’ என்று பொருள் வரும். நாவலில் ட்ரோக்ஸ்டொப்பெல் என்று ஒரு ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகர் வருகிறார். உலகத்தில் காப்பி விலையைத் தவிர வேறு எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. ஆனால் லெபாக் பெரிதாகக் காப்பி விளையும் இடமே கிடையாது. நாவலில் மனதை அறுக்கிற பகுதி ஒரு குடியானவனிடமிருந்து பிடுங்கப்படும் எருமையைப் பற்றியது. காப்பி அதன் தலைப்பிலும் தரகரின் வாயிலும்தான் இருக்கிறது. அது ஒரு விதத்தில் பொருத்தம். விளைகிற இடம் ஒன்று, பேசப்படும் இடம் வேறொன்று. காப்பியின் சரித்திரம் முழுக்க இப்படித்தான்.

1830இலிருந்து டச்சு அரசு ஜாவாவில் நடத்திய கட்டாயப் பயிர் முறை பற்றி பள்ளிப் பாடத்தில் ஒரு வரி படித்திருப்போம். குடியானவன் காப்பிச் செடி நட்டே ஆக வேண்டும், அரசாங்கக் கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தே ஆக வேண்டும், அரசாங்கம் சொல்லும் விலையை வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். அந்தப் பணத்தில் ஹாலந்தில் கடன் அடைந்தது, ரயில் ஓடியது. அந்த ஹாலந்தில்தான் 1988இல் காப்பி விவசாயிக்கு நியாயமான விலை கொடுங்கள் என்று ஒரு முத்திரை வந்தது. யோசனை ஹாலந்தில் முளைத்தது அல்ல. முளைத்த இடம் மெக்சிகோவின் தெற்கே, வாஹாகா மாநிலத்து மலைகளில்.

தெஹுவாந்தெபெக் பூசந்திக்கு மேலே எழும் மலைத்தொடரில் ஸபோதெக், மிஹே என்ற பழங்குடிகளின் ஊர்கள் உண்டு. ஆளுக்கு இரண்டு, மூன்று ஹெக்டேர், நம் கணக்கில் ஐந்து, ஏழு ஏக்கர். மர நிழலில் காப்பி, பக்கத்தில் சோளம், அவரை. டிசம்பர் வந்தால் பழம் சிவக்கும். கையால் பறித்து, தோலுரித்து, ஒரு நாள் நொதிக்க வைத்து, கழுவிக் காயப்போட்டால் மேலே மெல்லிய தொலியோடு கொட்டை கிடைக்கும். நம்மூர்த் தோட்டங்களில் இதற்குப் பேர் ‘பார்ச்மென்ட்’. அங்கே ‘பெர்காமினோ’. இரண்டும் ஒரே வார்த்தைதான், இரண்டு மொழி வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. இந்த நிலையில் விவசாயி விற்றாக வேண்டும். ஏனென்றால் தொலி நீக்கும் இயந்திரம் மலையில் இல்லை, ரோடும் இல்லை.

அப்போது வாசலுக்கு வருபவர் பெயர் கொயோத்தே.

கொயோத்தே என்பது நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் உள்ள ஒரு விலங்கு. மெக்சிகோவில் இடைத்தரகரை இப்படித்தான் சொல்வார்கள். கோவேறு கழுதையோடு வருவார், பின்னாளில் லாரியோடு. தராசு அவருடையது, எடைக்கல் அவருடையது. ஈரம் அதிகம் என்று ஒரு கழிவு, கல் கிடக்கிறது என்று ஒரு கழிவு. இதைவிட முக்கியம், விலை முதலிலேயே தீர்ந்துபோயிருக்கும். ஜூன், ஜூலையில் சோளம் தீர்ந்து குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது கடன் கொடுத்தவர் அவர்தான். வட்டிக்குப் பதில், வரப்போகும் அறுவடையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வார். காப்பி வாங்குபவரும் அரிசி பருப்பு விற்பவரும் கடன் கொடுப்பவரும் ஒரே ஆள் என்றால் சந்தை என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? நம்மூரில் பருத்தியோ மஞ்சளோ போட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1958இல் மெக்சிகோ அரசு இன்மெகஃபே என்ற காப்பி நிறுவனத்தைத் தொடங்கியது. எழுபதுகளில் அது கிராமத்துக்குள் வந்து கொள்முதல் செய்தது, உரம் கொடுத்தது, முன்பணம் கொடுத்தது. ஊழலும் இருந்தது, தாமதமும் இருந்தது. ஆனால் கொயோத்தேக்குப் போட்டியாக இன்னொரு தராசு ஊருக்குள் வந்தது.

திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காப்பி இருந்தது. அவர் ‘பூல்’ காலத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார். 1940களிலிருந்து இந்தியக் காப்பி வாரியம் நடத்திய முறை அது. விவசாயி விளைந்ததையெல்லாம் வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாரியம் மொத்தமாக விற்று, தவணை தவணையாகப் பணம் தரும். கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த அறுவடை முடிந்திருக்கும். “பூலைத் திட்டாத நாளே கிடையாதுடா” என்பார் சித்தப்பா. 1990களின் நடுவில் அந்த முறை முடிவுக்கு வந்தது. கொஞ்ச நாள் நல்ல விலை. அப்புறம் விலை சரிந்தபோது “பூல் இருந்தா இப்படி ஆகியிருக்காது” என்பார். இரண்டும் உண்மையாகவே இருந்ததுதான் சிக்கல்.

வாஹாகா மலைக்கு 1980இல் பிரான்ஸ் வான் டெர் ஹொஃப் என்ற டச்சுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். 1939இல் பிறந்தவர், விவசாயக் குடும்பம், பொருளாதாரம் படித்தவர். சிலியில் இருந்தார், 1973இல் அங்கே ராணுவப் புரட்சி நடந்ததும் மெக்சிகோவுக்கு வந்தார், கொஞ்ச காலம் தலைநகரத்துச் சேரிகளில். பிறகு மலை. நியாய வணிகம் பற்றிய பல கட்டுரைகள் இவரை ஒரு மீட்பர் மாதிரி வரைந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் வருவதற்கு முன்பே அந்த ஊர்களில் ‘தெக்கியோ’ என்ற பொது உழைப்பு முறை இருந்தது. ரோடு போட, பள்ளிக்கூடம் கட்ட வீட்டுக்கு ஒரு ஆள் சம்பளமில்லாமல் வர வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற வரை மணிக்கணக்கில் பேசும் பழக்கமும் இருந்தது. கூட்டுறவு அவர்களுக்குப் புதுசு இல்லை. பாதிரியாரிடம் ஐரோப்பாவுக்கான தொடர்பு இருந்தது, உலகச் சந்தை எப்படி இயங்குகிறது என்ற படிப்பு இருந்தது. அது பெரிய விஷயம்தான். அவ்வளவுதான்.

1981இல் குயெனகாத்தி என்ற ஊரில் சுற்றுப்பட்டுக் கிராமத்தார் கூடினார்கள். நாம் ஏன் ஏழையாக இருக்கிறோம் என்பதுதான் பேச்சு. ஒவ்வொரு பதிலையும் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் காப்பி விலையில் வந்து நின்றது. அந்தப் பேச்சிலிருந்து கிளம்பி, காப்பியைச் சேர்த்துத் தாங்களே விற்றுப் பார்த்தார்கள். கொயோத்தே கொடுத்ததைவிட அதிகம் கிடைத்தது. 1983இல் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பூசந்திப் பகுதிப் பழங்குடிச் சமூகங்களின் ஒன்றியம். ஸ்பானிய முதலெழுத்துகளைச் சேர்த்து உசிரி என்பார்கள். தமிழ்க் காதுக்கு ‘உசிர்’ என்று விழுகிறது, தற்செயல்தான்.

காப்பியைக் கொண்டுபோக லாரி, சொந்தக் கிடங்கு, தொலி நீக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஊருக்கு பஸ் விட்டார்கள். சைக்கிளோ மோட்டாரோ போகாத மலையில் பஸ் என்றால் என்ன என்று கற்பனை செய்து பாருங்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணை நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய ஊர்கள் அவை. கடை வைத்தார்கள், விவசாயிகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதாவது கொயோத்தே செய்துவந்த எல்லா வேலையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர்கள் சும்மா விடுவார்களா? சங்கத்தைச் சேர்ந்த பலர் கொல்லப்பட்டதாக வான் டெர் ஹொஃப் எழுதியிருக்கிறார். காப்பிக் கடைப் பொட்டலத்தில் சிரிக்கும் விவசாயியின் படத்தில் இது வராது.

அடுத்தது ஐரோப்பா. எண்பதுகளின் நடுவில் ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் கொஞ்சம் மூட்டைகள் போயின. அங்கே ஏற்கெனவே ‘உலகக் கடைகள்’ என்ற சின்னக் கடைகள் இருந்தன. 1969இலிருந்து தேவாலயத் தொண்டர்களும் இடதுசாரி மாணவர்களும் நடத்தியவை. 1973இல் குவாத்தமாலா கூட்டுறவுக் காப்பி அங்கே வந்துவிட்டது. நல்ல மனசு, மோசமான காப்பி என்று பெயரெடுத்த கடைகள். கொள்கைக்காகக் குடிப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? உசிரியிடம் இருந்த மூட்டைகளுக்கு அந்தக் கடைகள் போதாது. சூப்பர் மார்க்கெட் அலமாரி வேண்டும்.

வான் டெர் ஹொஃபும், சொலிடாரிதாத் என்ற டச்சு அமைப்பைச் சேர்ந்த நிகோ ரோசனும் சேர்ந்து யோசித்தது இந்த இடத்தில்தான். விவசாயிகள் சொல்லி அனுப்பியது தெளிவாக இருந்தது: உங்கள் நன்கொடை வேண்டாம், காப்பிக்கு உரிய விலையைக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதலில் சொந்தமாக ஒரு காப்பி பிராண்ட் தொடங்கலாம் என்றுதான் திட்டம். பிறகு வேறு வழிக்குப் போனார்கள். பிராண்ட் வேண்டாம், முத்திரை போதும். எந்தக் கம்பெனியும் சேரலாம். சிறு விவசாயிகளின் சங்கத்திடம் வாங்க வேண்டும், குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகக் கூடாது, சங்கம் கேட்டால் முன்பணம் தர வேண்டும், வருஷக்கணக்கில் உறவு வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் செய்தால் முத்திரையை ஒட்டிக்கொள். ஹாலந்துக் காப்பிச் சந்தையில் பெரும்பங்கு வைத்திருந்த டவ்வே எக்பெர்ட்ஸ் சேரவில்லை. சின்ன வறுவல்காரர்கள் சேர்ந்தார்கள். அது போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ‘நியாய விலை’ என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வரும். அங்கே வாங்குபவரைக் காப்பாற்ற விலை. இங்கே விற்பவரைக் காப்பாற்ற விலை. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை இருக்கிறதே, அதற்குத்தான் இது உறவு. ஒரு வித்தியாசம், அங்கே அரசாங்கம் நிற்கிறது. இங்கே நிற்பது ஆம்ஸ்டர்டாமில் கடைக்குப் போகும் ஒருவரின் மனசாட்சி.

அரசாங்கமே நின்ற காலமும் உண்டு. 1962இல் விளைவிக்கும் நாடுகளும் குடிக்கும் நாடுகளும் சேர்ந்து சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் போட்டன. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு. விலை குறைந்தால் ஒதுக்கீட்டைச் சுருக்குவது, ஏறினால் தளர்த்துவது. எண்பதுகளில் ஒரு பவுண்டு, அதாவது 453 கிராம், 1.20 டாலருக்கும் 1.40 டாலருக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. அமெரிக்கா இதற்கு ஒத்துக்கொண்டது தர்மத்துக்காக அல்ல. கியூபா புரட்சி நடந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. காப்பி விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்காவில் இன்னும் எத்தனை ஊர் சிவக்குமோ என்ற பயம். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பயம் போய்விட்டது. தடையற்ற சந்தை என்பதே மந்திரமாக இருந்த காலம். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மத்திய அமெரிக்காவின் தரமான காப்பி இன்னும் வேண்டும், பிரேசிலுக்குத் தன் பங்கை விட மனசில்லை. 1989 ஜூலை 4ஆம் தேதி ஒதுக்கீடு முறை முடிந்தது. சில மாதத்தில் விலை பாதியளவுக்கு விழுந்தது.

அதே வருஷம் மெக்சிகோ அரசு இன்மெகஃபேயைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. 1993இல் மூடியே விட்டது. மலையில் இருந்த விவசாயிக்கு மேல் கூரையும் போச்சு, பக்கத்துச் சுவரும் போச்சு. அரசாங்கத் தராசு போன ஊருக்குக் கொயோத்தே திரும்பி வந்தார்.

நியாய வணிகத்தின் சரித்திரத்தை இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1988 நவம்பரில் முத்திரை, 1989 ஜூலையில் ஒப்பந்தத்தின் மரணம். எட்டு மாதம்கூட இல்லை. உலகம் முழுக்க எல்லாக் காப்பிக்கும் இருந்த ஒரு பாதுகாப்பு போய், சிலருடைய காப்பியில் ஒரு பகுதிக்கு மட்டும் பாதுகாப்பு வந்தது. முதலாவது சட்டம், இரண்டாவது விருப்பம். முத்திரையைத் தொடங்கியவர்கள் அதை மாற்றாக நினைத்துத் தொடங்கவில்லை. காலம் அதை மாற்றாக ஆக்கிவிட்டது.

1997இல் பல நாடுகளின் முத்திரை அமைப்புகளும் சேர்ந்து ஜெர்மனியின் பான் நகரத்தில் பொது அமைப்பு ஒன்றை உருவாக்கின. கழுவிய அரபிக்காவுக்குக் குறைந்தபட்சம் பவுண்டுக்கு 1.21 டாலர். அதற்கு மேல் 5 சென்ட் ‘சமூகப் பங்கு’. அது தனி ஆளுக்குப் போகாது, சங்கம் கூடி முடிவெடுத்துப் பள்ளிக்கோ ரோட்டுக்கோ செலவழிக்க வேண்டும். இயற்கை விவசாயச் சான்று இருந்தால் இன்னும் 15 சென்ட்.

2001இல் அதன் அருமை தெரிந்தது. வியட்நாம் பத்து வருஷத்தில் உலகின் இரண்டாவது பெரிய காப்பி நாடாக வளர்ந்திருந்தது, பிரேசிலிலும் அமோக விளைச்சல். நியூயார்க் சந்தையில் பவுண்டு 50 சென்ட்டுக்குக் கீழே போனது. பல இடங்களில் பழத்தைப் பறிக்கும் கூலிக்கே அது கட்டாது. பழம் செடியிலேயே கறுத்து உதிர்ந்தது.

அந்த வருஷம் மே மாதம் அரிசோனா பாலைவனத்தில், எல்லை தாண்டி வந்த மெக்சிகோக்காரர்கள் 14 பேர் தாகத்தில் செத்தார்கள். பெரும்பாலோர் வெராக்ரூஸ் மாநிலத்தவர், காப்பி விளையும் பகுதிகளிலிருந்து கிளம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். எல்லை தாண்டிக் கூட்டிப்போகும் ஆளுக்கும் அங்கே பெயர் கொயோத்தேதான். அப்பா காலத்தில் ஒரு கொயோத்தே காப்பியை எடுத்துக்கொண்டு போனார். மகன் காலத்தில் இன்னொரு கொயோத்தே மகனையே கூட்டிக்கொண்டு போனார்.

அப்படியொரு வருஷத்தில் 1.26 டாலர் என்பது இரண்டு மடங்குக்கும் மேலே. அப்படியானால் சங்கத்தில் இருந்தவர்கள் தப்பித்தார்களா? கேள்வி எளிமை, பதில் அப்படியில்லை.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 1.26 டாலர் என்பது துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்போது சங்கத்துக்குக் கிடைக்கும் விலை. விவசாயியின் கைக்கு வரும் விலை அல்ல. தொலி நீக்க, தரம் பிரிக்க, லாரி வாடகை, ஆபீஸ், சங்கத்தின் பழைய கடன் எல்லாம் இதற்குள்தான். அடுத்தது, சங்கத்தின் எல்லாக் காப்பியும் முத்திரையோடு விற்காது. வாங்க ஆள் வேண்டுமே. ஒரு சங்கத்திடம் 100 மூட்டை என்று வையுங்கள். 30 மூட்டை முத்திரை விலையில் போகிறது, மீதி 70 மூட்டை 50 சென்ட் விலையில் சாதாரணச் சந்தைக்குப் போகிறது. சராசரி 73 சென்ட்டுக்குள்தான். செலவு போக வீட்டுக்கு வருவது எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். 100 மூட்டைக்கும் இயற்கை விவசாய வேலை, 100 மூட்டைக்கும் சோதனை, 30 மூட்டைக்கு விலை. போதாததற்கு 2004இலிருந்து சான்றிதழுக்கான கட்டணத்தைச் சங்கங்களும் கட்ட வேண்டியதாயிற்று. யாரைக் காப்பாற்றத் தொடங்கினோமோ அவரிடமே நுழைவுச் சீட்டுக்குக் காசு.

டேனியல் ஜாஃபி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதே வாஹாகாவின் வேறொரு மலைப்பகுதியில், நெருக்கடி உச்சத்தில் இருந்த வருஷங்களில், இரண்டு ஸபோதெக் கிராமங்களில் இருந்து ஆய்வு செய்தார். நியாய வணிகச் சங்கத்தில் இருந்த குடும்பங்களையும் கொயோத்தேயிடம் விற்ற குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2007இல் புத்தகமாக வந்தது. சங்கத்துக் குடும்பங்களுக்கு விலை கூடக் கிடைத்தது, கடன் குறைவு, சாப்பாடு பரவாயில்லை. ஆனால் இயற்கை விவசாயச் சான்றுக்காகச் செய்ய வேண்டிய வேலையும் ஏகப்பட்டது. எரு தயாரிக்கணும், வரப்பு கட்டணும், செடி கவாத்து பண்ணணும். வீட்டு ஆட்கள் போதாமல் கூலிக்கு ஆள் வைத்தார்கள், விலையில் கிடைத்த கூடுதல் அங்கே போனது. வறுமையிலிருந்து வெளியே வந்தார்களா என்றால், இல்லை. மூழ்காமல் மிதந்தார்கள். சங்கம் கொடுத்த கூலி, சங்கத்தில் இல்லாதவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது என்பதையும் அவர் குறித்திருக்கிறார். விலைப்பட்டியலில் தெரியாத பலன் அது.

குவாத்தமாலா கூட்டுறவுகளின் பல வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் அலென் ஜான்வ்ரி குழுவினர் இன்னும் கறாராகச் சொன்னார்கள். விலை நல்லாயிருந்தால் நிறையச் சங்கங்கள் சான்று வாங்கும். சான்று வாங்கியவர் பெருகினால் ஒவ்வொருவரும் முத்திரையில் விற்க முடிகிற பங்கு சுருங்கும். கட்டணமும் செலவும் கழித்தால் கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கணக்கு சரிதான், எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ஆனால் பஸ்ஸை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஊரில் இரண்டாவது தராசு இருப்பதால் முதல் தராசு கொஞ்சம் ஒழுங்காக நிறுக்கிறதே, அதை யார் வரவில் வைப்பது? சங்கம் விலையை அறிவித்தாலே கொயோத்தேயும் அதைப் பார்த்துத்தான் தன் விலையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு ஆய்வு. லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் க்ரேமர் குழு எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் காப்பி, தேயிலை, பூ விளையும் பகுதிகளில் கூலிக்காரர்களைப் பார்த்தது. 2014இல் அறிக்கை வந்தது. நியாய வணிகச் சங்கங்கள் இருந்த இடங்களில் கூலிக்காரர்களின் நிலை மற்ற இடங்களைவிட மேலாக இல்லை, கூலி பல இடங்களில் குறைவாகவே இருந்தது. சிறு விவசாயி என்ற வார்த்தைக்குள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. பத்து ஏக்கர்காரர் உண்டு, ஒரு ஏக்கர்காரர் உண்டு. அந்த ஒரு ஏக்கரும் இல்லாமல் அவர்கள் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண் உண்டு. அவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, கூட்டத்தில் பேச மாட்டார், சமூகப் பங்கில் கட்டிய கழிப்பறைக்குள்கூட அவரை விடாத இடத்தை அந்த அறிக்கை குறிப்பிடுகிறது. இதைப் படித்ததும் தாண்டிக்குடித் தோட்டத்தில் சித்தப்பாவுக்குப் பழம் பறித்த பெண்களுக்குத் திண்ணைக்குக் கீழே தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஞாபகம் வந்தன. சித்தப்பா நல்லவர். விலை சரிந்தால் புலம்புவார். அந்த டம்ளர்களைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பெரிய கம்பெனிகள் வந்ததும் சண்டை வெளிப்படையானது. 2000இல் ஸ்டார்பக்ஸ் கொஞ்சம் முத்திரைக் காப்பி வாங்க ஆரம்பித்தது, 2005இல் பிரிட்டனில் நெஸ்லே ஒரு முத்திரைக் காப்பியைக் கொண்டுவந்தது. மூட்டை விற்பதற்கு நல்லது என்றார்கள் சிலர், முத்திரையையே விற்றுவிட்டீர்கள் என்றார்கள் சிலர். 2011இல் அமெரிக்க அமைப்பு சர்வதேச அமைப்பிலிருந்து பிரிந்துபோய், பெரிய காப்பி எஸ்டேட்டுகளுக்கும் முத்திரை கொடுப்போம் என்றது. அங்கே இருக்கும் கூலிக்காரர்களும் ஏழைகள்தானே என்பது அவர்கள் வாதம். க்ரேமர் அறிக்கையைப் படித்தவர்களுக்கு அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரே ரசீதில் ஆயிரம் மூட்டை தரும் எஸ்டேட்டும் ஆயிரம் வீட்டிலிருந்து ஆயிரம் மூட்டை சேர்க்கும் சங்கமும் ஒரே அலமாரிக்குப் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். லத்தீன் அமெரிக்கச் சங்கங்கள் இப்படி நடக்கும் என்று முன்பே கணித்து, 2006இலேயே ‘சிறு உற்பத்தியாளர் சின்னம்’ என்று தங்களுக்கே சொந்தமான முத்திரையைத் தொடங்கியிருந்தன. தாங்கள் பிறப்பித்த குழந்தை வேறு வீட்டில் வளர்வதைப் பார்த்தபின் இன்னொன்று பெற்றுக்கொண்ட மாதிரி.

அதே 2011இல் விலை தலைகீழாக மாறியது. நியூயார்க்கில் பவுண்டு 3 டாலரைத் தொட்டது. முத்திரையின் குறைந்தபட்ச விலை அப்போது 1.40. விவசாயி ஜெயித்துவிட்டார் என்று நினைப்போம். ஆனால் விலை ஏறும்போதுதான் சங்கங்கள் முறியும். சங்கம் ஆறு மாதத்துக்கு முன்பே 2 டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கும். கொயோத்தே வாசலுக்கு வந்து ரொக்கமாக அதைவிடக் கூடக் கொடுப்பார். சங்கம் முதல் தவணை இப்போது, மீதி காப்பி விற்றபின் என்கும். வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ இருந்தால் யாரிடம் கொடுப்பார்கள்? உறுப்பினர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொயோத்தேயிடம் விற்றார்கள். பல சங்கங்கள் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் கடனில் விழுந்தன. அவர்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து வந்தது துரு. இந்த நோய் தமிழர் சரித்திரத்தில் ஏற்கெனவே ஒரு முறை வந்துபோனது. 1869இல் இலங்கையில்தான் காப்பி இலைத்துரு முதன்முதலில் பதிவானது. மன்னார் வழியாக நடந்தே மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போய், வழியிலேயே செத்துக் குவிந்த நம் சனங்களின் உழைப்பில் எழுந்த அந்தக் காப்பி, அடுத்த இருபது வருஷத்துக்குள் அழிந்து தேயிலையாக மாறியது. அதே பூஞ்சை 1970இல் பிரேசிலுக்கும் 1981இல் மெக்சிகோவுக்கும் போய்ச் சேர்ந்தது. முப்பது வருஷம் பெரிதாக ஒன்றும் செய்யாமல் இருந்து, 2012க்குப் பிறகு மத்திய அமெரிக்காவையும் தெற்கு மெக்சிகோவையும் துடைத்துப் போட்டது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி, பிறகு மொட்டைக் குச்சி. மெக்சிகோவின் மொத்த விளைச்சலே சில வருஷத்தில் ஏறக்குறைய பாதியானது. வாஹாகாவின் பழைய நிழல் தோட்டங்களில் இருந்தவை துருவைத் தாங்காத பழைய ரகங்கள். குறைந்தபட்ச விலை பவுண்டுக்குத்தான். பவுண்டே இல்லாதபோது அதனால் என்ன பயன்? புதுச் செடி நட்டால் காய்க்க மூன்று, நான்கு வருஷம். அந்த வருஷங்களைத் தாண்டக் கடன் கொடுக்கும் திராணி உசிரி போன்ற சங்கங்களுக்கும் குறைந்திருந்தது. இளைஞர்கள் வடக்கே போயிருந்தார்கள்.

2023இல் குறைந்தபட்ச விலையை 1.80 ஆக்கினார்கள். 2025 பிப்ரவரியில் நியூயார்க் விலை 4 டாலரைத் தாண்டியது. வான் டெர் ஹொஃப் அதைப் பார்க்க இல்லை, 2024இல் 84 வயதில் இறந்துபோனார். கடைசி வரை அந்த மலையில்தான் இருந்தார், தன் பங்குக்குக் கொஞ்சம் காப்பி வைத்து, மற்றவர்களைப் போலச் சங்கத்துக்குப் போட்டுக்கொண்டு. விலை 4 டாலரான அறுவடையிலும் சங்கத்துக் கிடங்கில் அதே பழைய பேச்சுதான் நடந்திருக்கும்: இந்த வருஷம் யார் யார் காப்பியை இங்கே கொண்டுவந்து போடப்போகிறார்கள், முதல் தவணையை எதைக் கொண்டு கொடுப்பது. கொயோத்தே ரொக்கத்தோடு ரோட்டில் வந்துகொண்டிருப்பார். அந்த ரோட்டில் பெரும்பகுதி ஊர்க்காரர்கள் தெக்கியோவில் போட்டது.